பதினாறு உணரிகள், ஒரு டெராஹெர்ட்ஸ் படம்: குறைந்த செலவில் வேகம் எங்கிருந்து வரும்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூருக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் 300 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது 0.3 டெராஹெர்ட்ஸ், அலைமூலம் ஒன்றும் டிரான்சிஸ்டர் வகை உணரி ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். நூறு மில்லிமீட்டர் சதுரப் பரப்பை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளி புள்ளியாக நகர்த்திப் படமெடுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இப்போது பதினாறு உணரிகள் ஒரே வரிசையில் அமைந்த சில்லு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரைச்சலுக்குள் புதைந்த சிறு சிக்னலைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்கே சில லட்சம் ரூபாய் ஆகும்போது பதினாறுக்கு எங்கே போவது, கையால் செய்த மலிவான சுற்றை வைத்து வேகமாகப் படமெடுக்க முடியுமா, முடிந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்க அது பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவான சுற்று முடியும் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். ஆனால் வேகம் பதினாறு உணரிகளால்தான் வரும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பாதிதான் சரி. நெல்லைப் பற்றிய கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கக்கூடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய உணரிகளின் சிக்னலைப் படிக்கும் சுற்றுகளை வடிவமைத்தவன் என்ற முறையில், ஒவ்வொன்றுக்கும் கணக்கோடு பதில் சொல்ல முயல்கிறேன்.

இப்போது உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 10,000 புள்ளிகள், லாக்-இன் கருவியின் நேர மாறிலி (அது சிக்னலைச் சராசரியாக்கும் கால அளவு) 100 மில்லிவினாடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போனதும் அதன் வெளியீடு புதிய மதிப்பில் நிலைகொள்ள நான்கைந்து நேர மாறிலிகள் காத்திருக்க வேண்டும். புள்ளிக்கு அரை வினாடி வீதம் 5,000 வினாடி. மேசை நகர்ந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் உங்கள் ஒன்றரை மணி நேரம் அப்படியே வந்துவிடுகிறது. இதில் உணரியின் பங்கு ஏதும் இல்லை. டிரான்சிஸ்டர் வகை உணரி நானோவினாடிகளில் பதில் தரக்கூடியது. ஜெர்மனியின் வுப்பர்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் 2012இல் வெளியிட்ட 32க்கு 32 புள்ளிகள் கொண்ட கேமராச் சில்லு, சாதாரண 65 நானோமீட்டர் சிலிக்கான் முறையில், அறை வெப்பநிலையிலேயே, வினாடிக்கு 500 படங்கள் வரை எடுத்தது. ஆகவே உங்கள் ஆய்வகத்தில் தாமதம் செய்வது, உணரிக்குப் பின்னால் நிற்கும் படிக்கும் முறையே.

அந்த முறை ஏன் அப்படி அமைந்தது என்பதற்கும் காரணம் உண்டு. வெப்பத்தால் இயங்கும் பழைய வகைகளான பைரோ மின் உணரிகளும் கோலே கலங்களும் பத்து இருபது ஹெர்ட்ஸில் மட்டுமே நன்றாக வேலை செய்பவை என்பதால், சுழலும் தகட்டால் கற்றையை வெட்டுவதும் நீண்ட நேர மாறிலி வைப்பதும் அவற்றுக்குப் பொருந்தின. உணரி மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை. உங்கள் அலைமூலத்தில் டி.டி.எல். பண்பேற்ற நுழைவாய், அதாவது இலக்கச் சிக்னலால் மூலத்தை அணைத்து எரியவிடும் இணைப்பு, இருந்தால், சுழலும் அந்தச் சாப்பர் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையால் மூலத்தையே அணைத்து எரியவிடுங்கள். தாழ் அதிர்வெண்களில் தலைவிரித்தாடும் இரைச்சலிலிருந்து அந்த ஒரு மாற்றத்திலேயே விலகி வந்துவிடுவீர்கள். மேசையையும் ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தாமல், ஒரு வரியை ஒரு வினாடியில் ஒரே சீராக ஓடவிட்டு, பத்து மில்லிவினாடிக்கு ஒரு மதிப்பு வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வரிகளுக்கு நூறு வினாடி, திரும்பும் நேரம் தனி. இருக்கும் ஒற்றை உணரியை வைத்தே ஒன்றரை மணி நேரம் இரண்டு மூன்று நிமிடங்களாகச் சுருங்கிவிடும். பதினாறு உணரிச் சில்லைப் பலகையில் பற்றவைப்பதற்கு முன் இதைச் செய்துபாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

அடுத்து வரிசைக்கு வருவோம். இங்கே பலரும் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒற்றை உணரியின்மேல் குவித்த கற்றையைப் பதினாறு உணரிகள்மேல் கோடாகப் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒரு பங்கு திறன்தான் கிடைக்கும். இந்த உணரிகளின் வெளியீட்டு மின்னழுத்தம் திறனுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் சிக்னலும் பதினாறில் ஒரு பங்காகிறது. இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கிறது. இரைச்சலை நேரத்தால் குறைக்கலாம், ஆனால் அது நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். ஆக, பழைய தரத்தை மீட்க 256 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். பதினாறு புள்ளிகளை ஒன்றாகப் பார்ப்பதால் கிடைக்கும் லாபமோ பதினாறு மடங்குதான். இரைச்சல் ஒன்றே தடையாக இருக்கும் அமைப்பில், உணரி வரிசை ஒற்றை உணரியைவிடப் பதினாறு மடங்கு மெதுவாகவே வேலை செய்யும். மூலத்தின் திறனைக் கேட்காமல் வரிசையின் வேகத்தைப் பற்றிப் பேசுபவர்களின் வாக்குறுதியை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

நல்ல வேளையாக, 300 ஜிகாஹெர்ட்ஸில் உங்களிடம் செலவழிக்கத் திறன் மிச்சம் இருக்கிறது. மூலம் ஒரு மில்லிவாட் தருகிறது, அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே உணரிக்குள் போய்ச் சேருகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம்; அது 10 மைக்ரோவாட். பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 0.6 மைக்ரோவாட். உணரியின் இரைச்சல் சமதிறன் (இரைச்சலுக்குச் சமமான சிக்னலைத் தரும் திறன்) ரூட் ஹெர்ட்ஸுக்கு 100 பிக்கோவாட் எனக் கொண்டால், பத்து மில்லிவினாடிச் சராசரியில் இரைச்சல் சுமார் 0.7 நானோவாட். சிக்னல் அதைப்போல 800 மடங்குக்கு மேல் நிற்கிறது. நெல்மணியோ இலையோ குறுக்கே வந்து திறனை நூறில் ஒன்றாகக் குறைத்தாலும் படத்தில் வேறுபாடு தெரியும். அந்த நிலையில் வரிசை பயன் தரும்: உணரிகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருந்தால் நூறு வரிகளுக்குப் பதில் ஏழு ஓட்டங்கள் போதும், படம் பத்து வினாடிக்குள் வந்துவிடும். உங்கள் மூலம் பத்து மைக்ரோவாட்தான் தருகிறது என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது வரிசையை மறந்துவிட்டு ஒற்றை உணரியை வேகமாக ஓட்டுவதே சரி. இங்கே எழுதிய எண்களுக்குப் பதில் உங்கள் தரவுத்தாளில் உள்ளவற்றைப் போட்டு மீண்டும் கணக்கிட வேண்டியது உங்கள் பொறுப்பு.

இனி சுற்று. சார்பு மின்னோட்டம் (வெளியிலிருந்து தொடர்ந்து செலுத்தும் மின்னோட்டம்) இல்லாமல் இயங்கும் டிரான்சிஸ்டர் உணரியில் மிஞ்சுவது அதன் வாய்க்கால் (டிரான்சிஸ்டருக்குள் மின்னோட்டம் ஓடும் பாதை) மின்தடையின் வெப்ப இரைச்சல் மட்டுமே. 10 கிலோ ஓம் என்றால் அது ரூட் ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 13 நானோவோல்ட். முன்பெருக்கி இதற்குமேல் அதிகம் சேர்க்காமல் இருந்தால் போதும். இங்கே விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நினைத்து ஏ.டி.797 என்ற பெருக்கிச் சில்லை வாங்கிவிடாதீர்கள். அதன் மின்னழுத்த இரைச்சல் 0.9 நானோவோல்ட்தான், ஆனால் மின்னோட்ட இரைச்சல் 2 பிக்கோ ஆம்பியர். 10 கிலோ ஓமில் அது 20 நானோவோல்ட்டாகி உணரியின் இரைச்சலையே மிஞ்சிவிடும். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தம் 24. ஒலிபெருக்கிச் சுற்றுகளில் காலங்காலமாக இருக்கும் என்.இ.5532 என்றால் மின்னழுத்தத்தில் 5, மின்னோட்டத்தால் 7, மொத்தம் 16க்குள். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சில்லு இந்த வேலைக்கு மேலானது. ஒரு சில்லில் இரண்டு ஆப்-ஆம்ப் (பெருக்கி) இருப்பதால் ஒரு வாய்க்காலுக்கு, அதாவது ஓர் உணரியின் சிக்னல் பாதைக்கு, ஒரு சில்லு, இரண்டு கட்டங்களாக முப்பது மடங்கு முப்பது மடங்கு எனப் பெருக்கம் வைத்துக்கொள்ளலாம். ஆப்-ஆம்ப் நுழைவின் சார்பு மின்னோட்டம் உணரிக்குள் பாயாதபடி நுழைவில் ஒரு கெப்பாசிட்டரும் நூறு கிலோ ஓம் தடையும் தேவை. இரு கட்டங்களுக்கும் இடையிலும் ஒரு கெப்பாசிட்டர். பெருக்கி உணரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு மீட்டர் கேபிளின் நூறு பிக்கோஃபாரட் 10 கிலோ ஓமோடு சேர்ந்து வேகத்தைத் தின்பது ஒரு பங்கு என்றால், அறையில் இருக்கும் எல்லா ஓசையையும் அந்தக் கேபிள் வாங்கிக்கொள்வது மற்றொரு பங்கு.

பதினாறு பெருக்கிகளையும், ஒவ்வொன்றாக மாற்றி இணைக்கும் மல்டிபிளெக்சர் வழியாக, சிக்னலை எண்ணாக மாற்றும் ஒரே ஏ.டி.சி.க்குக் கொடுத்தால் செலவு மிச்சமாகுமே என்று தோன்றும். எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. ஆனால் ஒன்றைப் படிக்கும்போது மற்றப் பதினைந்தும் பெற்ற சிக்னல் வீணாகிறது. ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒரு பங்கு நேரமே கிடைப்பதால் தரம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. எல்லா வாய்க்கால்களையும் ஒரே கணத்தில் படிக்கும் ஏ.டி.சி. வேண்டும். மின்கட்டப் பாதுகாப்புக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட ஏ.டி.7606 எட்டு வாய்க்கால்களை 16 பிட்டில் வினாடிக்கு இரண்டு லட்சம் முறை வரை ஒன்றாகப் படிக்கும். இரண்டு வைத்தால் பதினாறு முடிந்தது. ஆனால் அதன் தரவுத்தாளில் கண்ணில் படாமல் போகும் ஒரு வரி உண்டு: உள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கிறது, அதன் எல்லை தேர்ந்தெடுக்கும் வீச்சுக்கு ஏற்ப ஏறத்தாழ 15 அல்லது 23 கிலோஹெர்ட்ஸ். இரண்டு லட்சம் என்ற எண்ணைப் பார்த்து 50 கிலோஹெர்ட்ஸில் பண்பேற்றினால் சிக்னலின் பெரும்பகுதி அந்த வடிகட்டியிலேயே தொலைந்துவிடும். 10 கிலோஹெர்ட்ஸ் என்று நான் முன்னே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாக்-இன் கருவியின் வேலையை மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லே செய்துவிடும். பண்பேற்ற அலையையும் ஏ.டி.சி. தொடக்கத் துடிப்பையும் ஒரே கடிகாரத்திலிருந்து எடுத்து, அலையின் ஒரு சுற்றுக்குச் சரியாக நான்கு முறை, அதாவது வினாடிக்கு 40,000 முறை படியுங்கள். முதல் மதிப்பிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் குறிப்பு அலையோடு ஒத்துப்போகும் பகுதி. இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் கால் சுற்று தள்ளி நிற்கும் பகுதி. பெருக்கலே வேண்டாம். நூறு சுற்றுகளைக் கூட்டினால் பத்து மில்லிவினாடிக்கான ஒரு மதிப்பு. 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்.டி.எம்.32 எஃப்4 வகைச் சில்லுக்கு இது மிக எளிய சுமை. கச்சா மதிப்புகளை அப்படியே கணினிக்கு அனுப்ப முயலாதீர்கள், வினாடிக்கு 1.28 மெகாபைட் என்பது சாதாரண யு.எஸ்.பி. முழுவேக இணைப்பை முட்டிவிடும். கூட்டிய பிறகு அனுப்பினால் வினாடிக்கு 13 கிலோபைட்தான். இன்னொன்று: இரண்டு பகுதிகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது வழக்கம். அப்படிச் செய்தால் படத்தின் இருண்ட பகுதி ஒருபோதும் பூச்சியத்துக்கு இறங்காது, இரைச்சல் எப்போதும் நேர்மதிப்பாகவே சேரும். கடிகாரம் ஒன்றே என்பதால் உங்கள் சிக்னலின் கட்டம், அதாவது குறிப்பு அலையிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, மாறாதது; அதை ஒருமுறை அளந்து, அந்தத் திசையில் விழும் பகுதியை மட்டும், குறைக்குறி வந்தாலும் அப்படியே, வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நான் செய்த முதல் பலகையில், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், சில வாய்க்கால்களின் உணர்திறன் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருந்தது. மென்பொருளில் பத்து நாள் தேடினேன். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அந்த வாய்க்கால்களின் கேட் (உணரி டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனை) தடைகளைச் சுற்றி, பற்றவைப்பில் பயன்பட்ட ஃப்ளக்ஸ் பசையின் மிச்சம் மஞ்சளாக, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதத்தில் படிந்திருந்தது. மெகா ஓம் கணக்கிலான தடை வழியாக கேட் மின்னழுத்தம் கொடுத்திருந்தேன். ஈரம் உறிஞ்சிய ஃப்ளக்ஸ் அதற்கு இணையாக ஒரு கசிவுப் பாதையாகிவிட்டது. இந்த உணரிகளின் உணர்திறன் கேட் மின்னழுத்தம், டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் தொடக்க மின்னழுத்தத்தை நெருங்கும் இடத்தில் செங்குத்தாக மாறுவதால் சிறு கசிவும் பெரிதாகத் தெரிந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, வெயிலில் உலர்த்தி, மேலே காப்புப் பூச்சு அடித்த பிறகு அது நின்றது. கேட் தடையை நூறு கிலோ ஓமாகக் குறைத்திருந்தால் சிக்கலே வந்திருக்காது. இதோடு, வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் அறையில் அளப்பதானால் முன்பெருக்கிப் பலகைக்கு மட்டுமாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரம் கற்றையை விழுங்குமோ என்ற கவலை 300 ஜிகாஹெர்ட்ஸில், அரை மீட்டர் மேசையில், தேவையில்லை. 557 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற நீராவிக் கோடுகளுக்கு அருகில் போகும்போதுதான் அது பெரிதாகும்.

எந்தச் சுற்றாலும் சரிசெய்ய முடியாத ஒன்று ஒளியியலில் இருக்கிறது. உங்கள் மூலம் ஒரே அதிர்வெண் கொண்டது. அலைநீளம் ஒரு மில்லிமீட்டர். மூலத்துக்கும் மாதிரிக்கும் உணரிக்கும் இடையே அலை முன்னும் பின்னும் எதிரொலித்து நிலையலையாகும். மாதிரி அரை மில்லிமீட்டர் முன்னே வந்தாலே வெளிச்சமும் இருட்டும் ஒரு முழுச் சுற்று மாறிவிடும். படத்தில் வரிவரியாகத் தெரிவதை மாதிரியின் அமைப்பு என்று எழுதி அனுப்பிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். மாதிரியைச் சில பாகை சாய்த்து வைப்பது, அதிர்வெண்ணைச் சிறிது அலையவிட்டுச் சராசரி எடுப்பது ஆகிய இரண்டும் உதவும், முழுமையாக நீக்கா. பதினாறு உணரிகளின் உணர்திறனும் ஒன்றுபோல் இராது என்பதால், மூலத்தை அணைத்து ஒரு படமும் மாதிரியில்லாமல் ஒரு படமும் ஒவ்வொரு முறையும் எடுத்து, முன்னதைக் கழித்துப் பின்னதால் வகுத்துக்கொள்ள வேண்டும். கற்றையைக் கோடாக்கும் உருளை வில்லைக்கு வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. கும்பகோணத்தில் நல்ல லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் டெஃப்லான் அல்லது உயரடர்த்திப் பாலித்தீன் கட்டியைக் கொடுத்து வளைவை வரைந்து காட்டினால் போதும். அலைநீளம் ஒரு மில்லிமீட்டராக இருக்கும்போது 0.05 மில்லிமீட்டர் பிழை பொருட்டில்லை, அந்தத் துல்லியம் அவர்களுக்கு அன்றாட வேலை.

இப்போது நெல். தண்ணீர் இந்த அலையை மிகக் கடுமையாக விழுங்கும் என்பது உறுதி; 1 டெராஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனுள்ள நீர்ப்படலமே திறனை மூன்றில் ஒன்றாக்கிவிடும். 300 ஜிகாஹெர்ட்ஸில் அது சற்றுத் தளரும், ஆனாலும் நெல் மூட்டைக்குள்ளோ குவியலுக்குள்ளோ பார்க்க வழியில்லை. மணிகளை ஒற்றை அடுக்காகப் பரப்பினால்தான் ஊடுருவும். கொள்முதல் விதி கேட்பது ஒரு குவியலின் சராசரி ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை. அதற்குக் கைப்பிடி நெல்லைப் போட்டு மின்தேக்குத் திறனை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. விலையிலும் எளிமையிலும் நம் அமைப்பு அதனோடு போட்டியிடாது. மழையில் நனைந்த நெல்லோடு வரிசையில் நிற்கும் விவசாயிக்கு இப்போதைக்கு இதில் ஒன்றுமில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். உலர்த்தியிலிருந்து வரும் மணிகளில் சில மட்டும் ஈரமாக நிற்கின்றனவா என்று மணிமணியாகப் பார்ப்பது வேறு. அங்கே ஓடும் பட்டையின் குறுக்கே நிற்கும் உணரி வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் மணியின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர், உங்கள் அலைநீளம் ஒரு மில்லிமீட்டர். ஓரங்களில் அலை வளைவதால் கிடைக்கும் மங்கலையும் மணியின் தடிமன் மாறுவதையும் ஈரத்திலிருந்து பிரித்தெடுக்க முடியுமா என்பது ரகத்துக்கு ரகம் அளந்தே தீர்க்க வேண்டிய கேள்வி. அதற்கு அடுப்பில் உலர்த்தி எடைபோட்ட மாதிரிகள் பக்கத்தில் இருக்க வேண்டும். தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பது உங்களுக்கு வசதி. சாக்கின் வழியாகப் பார்க்க எண்ணினால் ஒரு எச்சரிக்கை: 1898இல் ஜகதீஷ் சந்திர போஸ் முறுக்கிய சணல் கற்றை மில்லிமீட்டர் அலையின் முனைவுத் தளத்தையே (அலை அதிரும் திசையை) திருப்பிவிடுகிறது என்று காட்டினார். சணல் இழை இந்த அலைக்கு வெறும் துணி அல்ல.

முதல் படத்துக்கு நெல்லை எடுக்காமல் ஒரு வெற்றிலையை எடுங்கள். 1995இல் பெல் ஆய்வகத்தில் ஹூவும் நஸ்ஸும் முதன்முதலில் டெராஹெர்ட்ஸ் படங்களை வெளியிட்டபோது அவற்றில் ஒன்று இலைதான். பறித்தவுடன் ஒன்றும் 48 மணி நேரம் கழித்து ஒன்றும் எடுத்திருந்தார்கள். கொழுந்து வெற்றிலை தட்டையானது, மெல்லியது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது முன்பே தெரிந்தது. காம்பிலிருந்து பிரியும் நடு நரம்புகள் கறுப்பாகவும், வாட வாட ஓரத்திலிருந்து வெளிச்சம் உள்ளே பரவியும் வர வேண்டும். அதற்கும் முன்னால், மாதிரி ஏதும் இல்லாமல், மேசையை நிறுத்தி வைத்துவிட்டு ஒவ்வொரு வாய்க்காலிலும் ஆயிரம் மதிப்புகள் எடுத்து அவற்றின் சிதறலைக் கணக்கிடுங்கள். பத்து மில்லிவினாடிக்குப் பதில் நாற்பது எடுத்தால் சிதறல் பாதியாக வேண்டும். எந்த வாய்க்காலில் பாதியாகவில்லையோ அங்கே இரைச்சல் உணரியுடையது இல்லை. பெருக்கி, மின்வழங்கி, ஃப்ளக்ஸ் என்று அந்த வரிசையில் தேடுங்கள். அந்தப் பதினாறு எண்களையும் உங்கள் உணரியின் வாய்க்கால் மின்தடையையும் இங்கே எழுதினால், பெருக்கத்தை எவ்வளவு வைக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.